துடைத்தால் போய்விடும் தரை

மெர்வி கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, கடையில் காட்சிக்கு வைத்திருந்த வினைல் துண்டின் மேல் கொஞ்சம் ஊற்றினாள். பிறகு ஒரு காகிதக் கைக்குட்டையால் ஒரே இழுப்பாகத் துடைத்து, ஈரமில்லாத இடத்தை இர்மாவுக்குக் காட்டினாள்.

“பாரு. ஒரு தடவை துடைச்சா போயிடுது. வாடைகூட பிடிக்காதாம்.”

இர்மாவும் குனிந்து பார்த்துத் தலையாட்டினாள். அன்று காலையிலிருந்தே அவள் நல்ல மனநிலையில் இருந்தாள். அம்மா போனபிறகு பியெலினென் ஏரிக்கரைக் கோடை வீடு அவளுக்கும் தம்பி எஸ்கோவுக்கும் பாதிப்பாதி என்று ஆகியிருந்தது. ஆனால் கூரைக்கு என்ன நிறம், சமையலறைக்கு என்ன திரை, படகை விற்பதா வைப்பதா என்று எல்லாமே எஸ்கோவும் அவன் மனைவி மெர்வியும் பேசி முடித்த பிறகுதான் அவளுக்குக் குறுஞ்செய்தியாக வந்து சேரும். முதல் தடவையாகத் தம்பி போன் போட்டு, “வராந்தாவுக்குத் தரை பாக்கப் போறோம், நீயும் வாயேன்” என்று கூப்பிட்டிருந்தான். அந்தச் சந்தோஷத்தில் விடிந்ததும் எழுந்து ஏலக்காய் ரொட்டி சுட்டு, ஒரு பை நிறையக் கொண்டுவந்து அவர்கள் காரில் வைத்திருந்தாள்.

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். நூர்மெஸ் ஊரில் பாதிப்பேருக்கு அவர் கடைத் தரைதான். அதனால் எதையும் வற்புறுத்தி விற்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

“குளிர்காலத்துல அந்த அறைக்கு சூடு போடுவீங்களா?”

“எங்க? அக்டோபர்ல அந்த அறையைப் பூட்டினா மே மாசந்தான் திறப்போம்” என்றான் எஸ்கோ. “மூணு பக்கமும் கண்ணாடி. பனி உள்ளயே பூ பூவா படிஞ்சிருக்கும்.”

“அப்ப லேமினேட்டை மறந்துடுங்க. அழுத்தின மரத்தூள் அட்டைதானே, ஈரத்தைக் குடிச்சு ஓரமெல்லாம் ஊதிக்கும்.”

மெர்வியின் முகம் சட்டென்று இறுகியது. வராந்தாவில் இப்போது கிடப்பதே அவள் தேர்ந்தெடுத்த லேமினேட்தான். அது ஊதிப்போனதால்தான் இந்தப் புதுத் தரையே.

டைல்ஸும் வேண்டாம் என்றார் கடைக்காரர். அடியில் இருக்கும் பலகை குளிரில் சுருங்கி வெயிலில் விரியும், டைல்ஸ் அதோடு சேர்ந்து வளையாது, இரண்டாம் வருடமே விரிசல் விட்டுவிடும். துண்டு துண்டாகக் கோக்கும் வினைல் உறைபனியில் பல்லிளிக்கும், கண்ணாடி வழியாக வெயில் அடித்தால் மேடு தட்டும். ஒரே விரிப்பாக, பசை போடாமல் விரித்துவிடும் வினைல் என்றால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். இல்லை, பழையபடி மரப்பலகையே போட்டு வண்ணம் அடித்துவிடலாம்.

“பலகை வேணாம்” என்றாள் மெர்வி. “பலகைக்கு நடுவுல இறங்கிடும். எனக்கு இடுக்கே இல்லாம, ஒண்ணா, கழுவி விடற மாதிரி வேணும்.”

“நாய் இருக்கா வீட்டுல?” என்று கேட்டார் கடைக்காரர்.

“நாய் இல்ல. ஆனா அந்த மாதிரி ஈரம் ஆகலாம். ராத்திரியில. சொல்ல முடியாது.”

எஸ்கோ திடீரென்று கால்மிதியடிகளின் பக்கம் நகர்ந்து, அவற்றைப் புரட்டிப் பார்க்க ஆரம்பித்தான். இர்மா அப்போதும் புரிந்துகொள்ளவில்லை. எஸ்கோவின் பேத்தி சின்னக் குழந்தை, அதைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துத் தலையாட்டினாள். மெர்வி அடுத்ததாக, “சக்கரம் வெச்ச கட்டில் போட்டா பதியுமா? தலைமாட்டைத் தூக்கி இறக்கற கட்டில்” என்று கேட்டாள்.

அந்தக் குடும்பத்தில் அப்படி ஒரு கட்டில் ஒருவருக்குத்தான் இருந்தது. இர்மாவின் கணவன் ரைமோவுக்கு.

காது மடல் இரண்டும் சுட்டது. “எந்தக் கட்டில்?” என்றாள் இர்மா.

“வெளியில போய்ப் பேசிக்கலாமே” என்றாள் மெர்வி, கடைக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

ரைமோ மரம் ஏற்றும் லாரி ஓட்டியவன். முப்பது டன் மரத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு பனிச்சாலையில் போகும்போதும் வாய் ஓயாமல் பேசுகிறவன். அவன் சொல்லும் கதைகளுக்காகவே பெட்ரோல் பங்குகளில் காபி ஆறும்வரை ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். போன வருடத்துக்கு முந்தைய இலையுதிர் காலத்தில் பக்கவாதம் வந்தது. வலக்கையும் வலக்காலும் போயின, பேச்சும் போயிற்று. மிஞ்சியவை மூன்று வார்த்தைகள். ஆமா. இல்ல. சாத்தானே. இவற்றில் மூன்றாவதுதான் துளியும் குழறாமல் முழுசாக வரும். மூளையில் வசவுகளுக்கு வேறு அறை இருக்கிறது என்று டாக்டர் விளக்கியபோது, ரைமோ ஒரு பக்க வாயால் சிரித்தான்.

போன நடுக்கோடைப் பண்டிகைக்குக் கோடை வீட்டுக்கு எல்லோரும் போயிருந்தார்கள். வராந்தாவில் ஊதிப்போய் எழும்பியிருந்த லேமினேட் விளிம்பில் அவனுடைய தூக்க முடியாத கால் தட்டி, ஒரு கையால் பிடிக்கும் வாக்கரோடு குப்புற விழுந்தான். நெற்றியில் தையல் போட வேண்டியதாயிற்று. “அவரு காலை இழுத்து இழுத்துத்தான் தரை பேந்துடுச்சு” என்று மெர்வி அப்போது யாரிடமோ சொன்னது இர்மாவின் காதில் விழுந்தது. தரை பெயர்ந்ததால் விழுந்தான் என்று அவள் சொல்லவில்லை, அவனால்தான் தரை பெயர்ந்தது என்று சொன்னாள். அதே பண்டிகையில் இரண்டாம் நாள், பெரிய அறை சோபாவில் படுத்திருந்தவனுக்கு எழுந்து போக முடியாமல் சோபா நனைந்துவிட்டது. மெர்வி உறைகளைக் கழற்றித் துவைத்து, படகுத்துறைக்குப் பக்கத்துக் கொடியில், எதிர்க்கரைக்காரர்கள் கண்ணிலும் படும்படி வரிசையாக உலர்த்தினாள். ரைமோ அன்று முழுக்க சவுனா என்னும் நீராவிக் குளியல் அறையின் படியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கார் நிறுத்துமிடத்தில் ஏரிக்காற்று வெட்டியது. பனிக்கட்டி உடைந்து போன வாரந்தான் தண்ணீர் தெரிய ஆரம்பித்திருந்தது.

“உன் நல்லதுக்குத்தான் இர்மா” என்றான் எஸ்கோ. காரின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் நின்றான். “வராந்தாவுல கட்டிலைப் போட்டா உனக்கும் வேலை சுலபம். அவருக்கும் ஏரி தெரியும்.”

“ஜூன் மாசம் ராத்திரி அங்க எவ்வளவு குளிரும்னு தெரியுமா உனக்கு? நீ படுத்திருக்கியா ஒரு ராத்திரி?”

“சின்ன ஹீட்டர் ஒண்ணு வெச்சுக்கலாம்” என்றாள் மெர்வி. “பாரு இர்மா, ஜூலையில எங்க ஆபீஸ் ஆளுங்க வருவாங்க. பெரிய ரூம்ல... எல்லாரும் சாப்பிடற இடம் அது.”

“எப்ப முடிவு பண்ணீங்க?”

“ஈஸ்டருக்குப் பேசிக்கிட்டோம்.”

“ஈஸ்டருக்கு நான் அங்கதானே இருந்தேன்!”

“நீ சமையலறையில இருந்தே.”

சமையலறையில். அவர்கள் எல்லோருக்கும் ஆட்டுக்கறியை அடுப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டு. அவள் முதுகுக்குப் பின்னால் அவள் புருஷனை வீட்டுக்கு வெளியே எடுத்து வைத்துவிட்டு, இப்போது அவன் படுக்கப்போகும் இடத்துக்கு எது துடைக்கச் சுலபம் என்று பார்க்க அவளையே துணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவளும் ரொட்டி சுட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். நாய் இருக்கிறதா என்று கேட்டதற்கு, அந்த மாதிரி என்று மெர்வி சொன்னபோது தலையை வேறு ஆட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

இர்மா அவர்கள் காரின் பின்கதவைத் திறந்து, ரொட்டிப் பையை எடுத்துக்கொண்டு, தன் காருக்குப் போனாள். சின்னப்பிள்ளைத்தனம் என்று அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் ஒரு ரொட்டிகூட அவர்களுக்குக் கிடைக்கக் கூடாது என்று இருந்தது.

வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் தணியவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியில் காபிக் கோப்பைகளை அடித்து அடித்துக் கழுவினாள். ரைமோ மேசையில் உட்கார்ந்து இடக்கையால் ரொட்டியைப் பிய்த்துத் தின்றபடி அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் எதையும் சொல்வதில்லை என்றுதான் வழியெல்லாம் தீர்மானித்திருந்தாள். கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். நாய் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டாள்.

“நாம இனிமே அங்க போகவே வேணாம். அவங்களே வெச்சு ஆளட்டும். பாதியை எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன்.”

“இல்ல” என்றான் ரைமோ.

“என்ன இல்ல? உன்னை வராந்தாவுல தள்ளப் பாக்கறாங்க, புரியுதா?”

“ஆமா.” பிறகு, “இல்ல.” பிறகு மேசையைத் தட்டி, மிகத் தெளிவாக, “சாத்தானே.”

சாத்தான் மெர்வியா, எஸ்கோவா, தானா என்று இர்மாவுக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளும் பொறுமையும் அன்று அவளிடம் இல்லை.

சனிக்கிழமை காலை கையுறை, சுத்தியல், ஆணி பிடுங்கும் சின்னக் கடப்பாரை எல்லாவற்றையும் காரில் போட்டாள். ரைமோவையும் உட்காரவைத்துக்கொண்டு கோடை வீட்டுக்குக் கிளம்பினாள். முற்றத்தில் மரநாற்காலியைப் போட்டு, கம்பளியைச் சுற்றி அவனை உட்காரவைத்துவிட்டு, வராந்தாவுக்குள் போய் மண்டியிட்டாள். ஒரு திட்டமும் கிடையாது. புருஷனைத் தள்ளிவிட்ட தரை இன்னும் அங்கே சொகுசாகக் கிடக்கிறது, அது கிடக்கக் கூடாது. அவ்வளவுதான்.

முதல் துண்டு லேசில் வரவில்லை. வந்தபிறகு மற்றவை கோந்து விட்ட காகிதம்போல வந்தன. ஓரங்களெல்லாம் ஊறிய ரொட்டியாக உப்பியிருந்தன. அடியில் விரித்திருந்த பஞ்சுத் தாளைத் தூக்கியதும் பூஞ்சை வாடை முகத்தில் அடித்தது. அதற்கும் அடியில், அப்பா காலத்துப் பலகைகள், சாம்பல் வண்ணம் அங்கங்கே உரிந்து, இடைவெளிகளில் பைன் ஊசிகள் அடைத்துக் கிடந்தன. இத்தனை குளிர்காலத்தையும் தின்றுவிட்டு ஒன்றுமே நடக்காததுபோல அவை கிடந்ததைப் பார்க்க, அந்தப் பலகைகளின் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. ஒவ்வொரு துண்டையும் கதவு வழியே வெளியே வீசினாள். ரைமோ ஒவ்வொன்றும் விழும்போது தலையை ஆட்டினான், ரசித்துப் பார்க்கும் பந்தயம்போல.

கடைசி வரிசையை எடுத்துக்கொண்டிருக்கும்போது எஸ்கோவும் மெர்வியும் காரில் வந்தார்கள். பின்னால் டிரெய்லர். டிரெய்லரில், பிளாஸ்டிக் சுற்றி, நீளமாக ஒரு சுருள்.

“வாங்கிட்டியா?” வாசலில் நின்று கேட்டாள் இர்மா. தலைமுடியெல்லாம் மரத்தூள். “நான் வேணாம்னு சொன்னப்புறமும் வாங்கிட்டியா?”

“நீ வேணாம்னு எங்க சொன்னே? ரொட்டியைத் தூக்கிட்டுப் போனே” என்றான் எஸ்கோ.

“எஸ்கோ, இந்த வீடு பாதி என்னோடது. என் பாதியில என் புருஷன் படுப்பான். அடுப்பு எரியற ரூம்ல படுப்பான். உங்க ஆபீஸ் ஆளுங்களுக்குப் பாக்கக் கூச்சமா இருந்தா, அவங்களைக் கொண்டுபோய் வராந்தாவுல போடு. துடைக்க வசதியா வினைல் விரிச்சுப் போடு!”

“கத்தாதே. அவரு கேக்கறாரு.”

“கேக்கட்டும்! காது நல்லாத்தான் இருக்கு அவருக்கு. கடையில உன் பொண்டாட்டி நாய்னு சொன்னதைத்தான் நான் இன்னும் அவர்கிட்ட சொல்லல.”

சொன்னபிறகுதான் உறைத்தது. முற்றத்து நாற்காலி கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது.

மெர்வியின் முகம் வெளிறியது. ஆனால் அவள் பின்வாங்கவில்லை. “நாய்னு நான் சொல்லல. அந்த ஆளு கேட்டாரு. நான் ஏதோ உளறிட்டேன். சரி, தப்புதான். ஆனா நான் ஒண்ணு கேக்கறேன் இர்மா. அன்னிக்குக் காலையில சோபா நனைஞ்சு கிடந்தப்ப நீ என்ன பண்ணே? அவரைக் கூட்டிக்கிட்டு சவுனாவுக்குப் போயிட்டே. திரும்பி வந்து சோபாவைப் பாக்கவே இல்ல. அந்த உறையையெல்லாம் யாரு கழட்டினது? ஏரித் தண்ணியில கை மரத்துப் போக யாரு துவைச்சது? ஒரு வார்த்தை சொன்னியா நீ? மறுநாளும் வந்து அதே சோபாவுல காபி குடிச்சே.”

அது உண்மை. அன்று காலை இர்மாவால் அந்த சோபாவைப் பார்க்க முடியவில்லை. யாராவது எடுத்துவிட்டால் போதும் என்றுதான் இருந்தது. உண்மை என்பதாலேயே அவளுக்கு இன்னும் ஆத்திரம் பொங்கியது. உறையைத் துவைத்தவளுக்கு ஆளையே வெளியே போடும் உரிமை வந்துவிடுமா? துவைத்ததை ஊர் பார்க்கக் கொடியில் போட்டதை எந்தக் கணக்கில் வைப்பது? வாயைத் திறந்தாள். அதற்குள் பக்கத்தில் படியில் வாக்கர் வைக்கும் சத்தம் கேட்டது.

ரைமோ நாற்காலியிலிருந்து தானே எழுந்து, படியேறி வராந்தாவின் வாசலுக்கு வந்திருந்தான். ஓடிப்போய்ப் பிடிக்கக் கை நீட்டிய இர்மாவை “இல்ல” என்று நிறுத்தினான். வாசல் பெஞ்சில் உட்கார்ந்தான். இடக்கையால் வலது காலணியைக் கழற்றினான், பிறகு காலுறையை. அப்புறம் இடது காலணி, இடது காலுறை. அதற்கு வெகுநேரம் ஆயிற்று. மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எழுந்து, வெறுங்காலோடு பலகையில் இறங்கினான். நல்ல கால் பலகையின் சில்லிப்பில் விரல்களைச் சுருக்கியது. மற்றக் கால் ஒன்றும் அறியாமல் இழுபட்டு வந்தது. பலகை இடுக்குகளின் மேல் அது தேய்ந்து வந்ததே தவிர எங்கும் தட்டவில்லை. கண்ணாடிவரை போய், ஏரியைப் பார்த்து நின்றுவிட்டு, திரும்பி வந்தான்.

டிரெய்லரில் கிடந்த சுருளைக் கைநீட்டிக் காட்டினான். “இல்ல.”

“பாத்தியா?” என்றாள் இர்மா தம்பியிடம். “அவருக்கே வேணாம். உள்ள ரூம்லதான் படுக்கணுமாம்.”

“இல்ல” என்றான் ரைமோ, அவளைப் பார்த்து.

“என்ன இல்ல? குளிருமே உனக்கு?”

“இல்ல. இல்ல.”

“வீட்டுக்குப் போகணுமா? தரைக்கு விரிப்பு ஏதாவது போடணுமா? என்னதான்...”

“சாத்தானே!” கண்ணாடிகள் அதிர்ந்தன. அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மெர்வியைப் பார்த்ததைவிட அதிகக் கோபத்தோடு அவன் தன்னைப் பார்ப்பதை இர்மா கண்டாள். ஒரு வாரமாக அவனுக்காகக் கொதித்திருக்கிறாள், தூங்காமல் புரண்டிருக்கிறாள், முழங்கால் தேயத் தரையைப் பிடுங்கியிருக்கிறாள். இதில் ஒரு நிமிஷமாவது உனக்கு என்ன வேணும் என்று அவனிடம் கேட்டிருக்கிறாளா? கடைக்காரர்கூட அந்த அறையில் யார் இருப்பார்கள் என்று ஒருமாதிரியாகக் கேட்டுவிட்டாரே.

எஸ்கோதான் முதலில் பேசினான். டிரெய்லர் கயிற்றின் முடிச்சைப் பார்த்துக்கொண்டே பேசினான். “ரைமோ. நீயே காட்டு. எங்க, எப்படி?”

ரைமோ வாக்கரைத் திருப்பி, உள்ளே பெரிய அறைக்குப் போனான். அடுப்பைக் கடந்தான். சோபாவைக் கடந்தான். அறையின் நடுவில், எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும் நீள மேசையின் முன்னால் நின்று, அதன் முனையை இடக்கையால் ஓங்கித் தட்டினான். பிறகு கையை நீட்டி வராந்தாவைக் காட்டினான்.

யாருக்கும் புரியவில்லை. அவன் மறுபடி தட்டினான். மேசை. வராந்தா. பிறகு எஸ்கோவை, மெர்வியை, இர்மாவை, தன்னை என்று ஒவ்வொருவராக விரலால் சுட்டி, மறுபடி வராந்தா.

“எல்லாரும் அங்க உக்காந்து சாப்பிடணுமா?” என்றான் எஸ்கோ மெதுவாக.

“ஆமா.”

“இந்தக் குளிர்லயா?” என்றாள் மெர்வி.

“ஆமா” என்றான் ரைமோ. அவன் வாயின் நல்ல பக்கம் லேசாக மேலே போயிற்று. லாரிக் கதையில் முக்கியமான இடம் வருவதற்கு முன்னால் அவன் அப்படித்தான் வாயை வைத்துக்கொள்வான்.

மேசை கனமானது. எஸ்கோ ஒரு முனையையும் இர்மா மறுமுனையையும் பிடித்தார்கள். கதவு நிலையில் அது இடித்து நின்றது. சாய்த்து, திருப்பி, கால்களை முதலில் விட்டு, ஒருவரை ஒருவர் “உன் பக்கம்”, “தூக்கு”, “ஐயோ விரலு” என்று அதட்டிக்கொண்டே வெளியே கொண்டுவந்தார்கள். சிறுவயதில் படகைக் கரையேற்றும்போதும் இப்படித்தான் சண்டை போடுவார்கள் என்பது இர்மாவுக்கு ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்ததும் பிடிக்கவில்லை. அவள் இன்னும் அவனை மன்னிக்கவில்லை. இரவு கட்டில் எங்கே என்பது இன்னும் பேசப்படவில்லை, ஜூலையில் வரும் விருந்தாளிகளும் அப்படியேதான் இருந்தார்கள். அதையெல்லாம் இன்றே பேசித் தீர்ப்பது என்று மேசையைக் கீழே வைக்கும்போது தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

காபியை மெர்விதான் போட்டாள். நான்கு கோப்பைகளையும் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு, உள் அறை வாசற்படியில் வந்து கொஞ்சம் தயங்கி நின்றாள். எஸ்கோவும் இர்மாவும் மேல்கோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ரைமோ மேசையின் தலைப்பக்கத்தில், ஏரிக்கு எதிரே, வெறுங்காலோடு. இர்மா காலுறையை மாட்டிவிட வந்தபோது அவன் விடவில்லை.

மெர்வி வந்து காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். “ரைமோ” என்றாள். பிறகு பால் குடுவையை அவன் கை எட்டும் இடத்துக்கு நகர்த்தினாள். அவன் அதை எடுத்து ஊற்றிக்கொண்டான். நன்றி போலவும் இல்லை, நன்றி இல்லாதது போலவும் இல்லை. நான்கு கோப்பைகளிலிருந்தும் ஆவி கண்ணாடியில் போய்ப் படிந்து ஏரியை மங்கலாக்கியது.

கீழே விழுந்த கரண்டியை எடுக்கக் குனிந்தபோதுதான் இர்மா மேசைக்கு அடியில் பார்த்தாள். மெர்வியின் கால்களில் பட்டணத்து மெல்லிய காலுறைதான் இருந்தது. பலகையின் குளிர் தாங்காமல் அவள் ஒரு காலைத் தூக்கி மற்றதன் மேல் வைத்தாள், பிறகு அதை இறக்கிவிட்டு இதைத் தூக்கினாள், பனிக்கட்டியின் மேல் நிற்கும் பறவைபோல, மாற்றி மாற்றி, சத்தமில்லாமல். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து போகவில்லை.